விரிசல் விட்ட ஹகி கிண்ணத்தை வீட்டிலேயே கின்ட்சுகி செய்யலாமா?

பக்கத்து வீட்டுப் பாட்டி ஒசாகாவைக் காலி செய்து மகன் வீட்டுக்குப் போகும்போது உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போன ஹகி தேநீர்க் கிண்ணம், அதாவது ஜப்பானின் ஹகி ஊரில் செய்யும் மண்பாண்டம். கழுவும்போது தொட்டியில் இடித்து, விளிம்பில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு தெறித்துவிட்டது. அங்கிருந்து கீழே ஒரு விரிசல் ஓடுகிறது. உடைந்த பாண்டத்தை ஒட்டி அந்தக் கோட்டில் தங்கம் தூவும் ஜப்பானிய முறைதான் கின்ட்சுகி. ஆன்லைனில் தங்கப் பொடியும் பசையும் உள்ள ஒரு கின்ட்சுகி கிட் பார்த்ததாகவும், சனி ஞாயிறில் முடித்துவிடலாம் என்று அதில் போட்டிருந்ததாகவும் எழுதி, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி கிட்டைப் பற்றியதுதான். ஆனால் கடைசி வரியில், "மறுபடி அதில் டீ குடிக்கணும்" என்று சொல்லியிருக்கிறீர்களே, அதைத்தான் நான் உண்மையான கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன். அலமாரியில் வைத்துப் பார்க்க ஒரு வழி, வாய் வைத்துக் குடிக்க வேறு வழி. குடிப்பதற்கு என்றால் அந்த கிட் வேண்டாம், உருஷி என்கிற மரப்பாலை வைத்துச் செய்யுங்கள், இரண்டு மூன்று மாதம் ஆகும் என்பதுதான் என் பதில். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

நான் கனசவாவில் இருக்கிறேன். ஜப்பானின் தங்க ரேக்கில் பெரும்பகுதி தயாராகும் ஊர். இங்கே ஓர் உருஷிப் பட்டறையில் ஆறு வருடம், வாரத்துக்கு இரண்டு நாள், ஆசிரியை ஒருவரிடம் கற்றுக்கொண்டேன். இப்போது தெரிந்தவர்கள் கொண்டுவரும் கிண்ணம், தட்டு, சாக்கே குடுவை இவற்றைச் சரிசெய்து கொடுக்கிறேன். அன்றாடம் புழங்கும் சாமான்கள்தான் என் அனுபவம். அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டிய பழம்பொருளை நான் தொட்டதில்லை, அதைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கின்ட்சுகி என்றால் 'தங்க இணைப்பு' என்று பொருள். அதைக் கேட்டதும் உருக்கிய தங்கத்தை விரிசலில் ஊற்றுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். தங்கம் எதையும் ஒட்டுவதில்லை. ஒட்டுவது, நிரப்புவது, நீர் கசியாமல் அடைப்பது எல்லாமே உருஷி என்கிற மரப்பால். தங்கப் பொடி கடைசி நாளில் மேலே தூவுவது, அவ்வளவுதான். வேலையில் பத்தில் ஒன்பது பங்கு முடிந்த பிறகுதான் தங்கத்தின் பொட்டலத்தையே பிரிப்போம்.

உருஷியைத் தமிழில் அரக்கு என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அது சரியில்லை. நாம் பார்சலுக்கு முத்திரை வைக்கும் அரக்கு ஒரு பூச்சி சுரப்பது. சூடு காட்டினால் இளகும், ஆறினால் இறுகும். உருஷி ஒரு மரத்தின் பட்டையைக் கீறினால் கசிகிற பால். அது ஒருமுறை இறுகிவிட்டால் எந்தச் சூட்டிலும் திரும்ப இளகாது. ஜூனிலிருந்து இலையுதிர்காலம் வரை மரத்தைக் கீறிக் கீறி எடுக்கிறார்கள். பத்துப் பதினைந்து வருடம் வளர்ந்த ஒரு மரம் முழுப் பருவத்திலும் தருவது ஏறக்குறைய 200 கிராம்தான், அதோடு அந்த மரத்தை வெட்டிவிடுவார்கள். ஜப்பானுக்குள் எடுக்கும் உருஷியில் பெரும்பகுதி இவாத்தே மாநிலத்தின் ஜோபோஜி பகுதியிலிருந்து வருகிறது. நாட்டில் பயன்படுவதில் மிகப் பெரிய பங்கு சீனாவிலிருந்து வருவது. உங்கள் ஒரு கிண்ணத்துக்குச் சீன உருஷியே தாராளமாகப் போதும்.

உருஷி 'காயும்' விதம்தான் புதிதாகத் தொடங்குகிறவர்களைத் திணறடிக்கும். பெயின்ட் மாதிரி ஈரம் போய்க் காய்வது இல்லை இது. ஈரக்காற்று வேண்டும். பாலுக்குள்ளேயே லாக்கேஸ் என்ற நொதி இருக்கிறது. அது காற்றின் ஆக்ஸிஜனைக் கொண்டு உருஷியோல் என்ற பொருளைப் பின்னிப் பின்னி இறுக்குகிறது. இந்த நொதியை 1883-இல் யோஷிதா ஹிகோரொகுரோ என்ற ஜப்பானிய வேதியியலாளர் உருஷிப் பாலை ஆராய்ந்துதான் கண்டார். அது வேலை செய்ய 70 முதல் 85 சதவீதம் ஈரப்பதமும் 20 முதல் 30 டிகிரி வெப்பமும் வேண்டும். அதனால்தான் 'முரோ' என்ற ஈரப்பெட்டியில் வைக்கிறோம். பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஓர் அட்டைப்பெட்டி, உள்ளே பிழிந்த ஈரத்துணி, ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன மீட்டர், போதும். ஒசாகாவின் ஜனவரியில் ஹீட்டர் ஓடும் அறையில் மேசை மேல் வைத்தீர்கள் என்றால் வாரக்கணக்கில் பிசுபிசுப்பாகவே இருக்கும். ஜூன் மழைக்காலத்தில் பெட்டியே தேவைப்படாது. ஆனால் ஈரமும் சூடும் மிஞ்சிப் போனாலும் ஆபத்துதான்: மேல்தோல் மட்டும் வேகமாக இறுகி, பால் ஆடை மாதிரி சுருங்கிவிடும்.

இனி, இதைத் தொடும் முன் தெரிந்தே ஆக வேண்டிய விஷயம். இறுகாத உருஷி தோலில் பட்டால் அரிக்கும், தடிக்கும், கொப்புளம் போடும். நம்மவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம்: உருஷி மரம், மாமரம், முந்திரி, சேராங்கொட்டை எல்லாம் ஒரே குடும்பம். மாங்காய்ப் பால் பட்டால் வாய் ஓரம் புண்ணாகிறவர், முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பட்டுத் தோல் உரிந்தவர், வண்ணான் குறி போடும் சேராங்கொட்டையால் தடிப்பு வந்தவர், இவர்களுக்கு உருஷியும் ஒத்துக்கொள்ளாமல் போக வாய்ப்பு அதிகம். பட்ட உடனே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் காட்டும். எனக்கு முதல் தடவை, மூன்றாம் நாள் காலையில் எழுந்தபோது வலது கண்ணிமை வீங்கிப் பாதி மூடியிருந்தது. கையுறை போட்டுக்கொண்டுதான் வேலை செய்தேன். கழற்றும்போது மணிக்கட்டில் பட்டதைக் கவனிக்காமல் அதே கையால் கண்ணைத் தேய்த்திருக்கிறேன். தோல் மருத்துவரிடம் போய்க் களிம்பு வாங்கி, அடங்க இரண்டு வாரம் ஆனது. ஆகவே நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை. தோலில் பட்டுவிட்டால் தண்ணீருக்கு ஓடாதீர்கள். முதலில் சமையல் எண்ணெய் தொட்டுத் துடைத்து, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தூரிகையையும் எண்ணெயில்தான் கழுவ வேண்டும். வீட்டில் கைக்குழந்தை இருந்தாலோ, உங்களுக்கு மாங்காய்ப் பாலே ஆகாது என்றாலோ, தயவுசெய்து நீங்களே செய்யாதீர்கள், செய்பவரிடம் கொடுங்கள்.

சரி, கிண்ணத்துக்கு வருவோம். நீங்கள் விரிசல் என்று சொல்வது உண்மையில் விரிசல்தானா என்று முதலில் பார்க்க வேண்டும். ஹகி கிண்ணங்களின் மேலே இருக்கும் கண்ணாடி போன்ற பூச்சில், மண் வேறு பூச்சு வேறு அளவில் சுருங்குவதால், வலை பின்னியது போல மெல்லிய கோடுகள் இயல்பாகவே இருக்கும். இதற்கு 'கன்ன்யூ' என்று பெயர். ஹகி மண் நுண்துளை நிறைந்தது. வருடக்கணக்கில் குடிக்கக் குடிக்கத் தேநீர் இந்தக் கோடுகளில் இறங்கிக் கிண்ணத்தின் நிறமே மாறும். 'ஹகியின் ஏழு மாற்றங்கள்' என்று இதைக் கொண்டாடுகிறார்கள். பாட்டி பல வருடம் புழங்கிய கிண்ணம் என்றால் இந்தக் கோடுகள் பழுப்பேறி, விரிசல் மாதிரியே தோன்றும். பிரித்தறிய ஊரில் மண்சட்டி வாங்கும்போது செய்வதையே செய்யுங்கள்: கிண்ணத்தை உள்ளங்கையில் நிறுத்தி விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். மணி போலக் கணீரென்றால் உடல் முழுசாக இருக்கிறது. 'லொட்டு' என்று செத்த சத்தம் வந்தால் விரிசல் மண்ணுக்குள்ளேயே இறங்கிவிட்டது. ஹகி கொஞ்சம் மெத்தென்று சுட்ட மண் என்பதால் நல்ல கிண்ணமே பீங்கான் அளவுக்கு ஒலிக்காது, அதையும் மனதில் வையுங்கள். பிறகு தண்ணீர் ஊற்றி, உலர்ந்த காகிதத்தின் மேல் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். அடிப்பாகத்தில் பொதுவாக ஈரம் கசிவது ஹகிக்குச் சகஜம். விரிசல் கோட்டின் வழியாக மட்டும் நீர் வரிசையாக அரும்பினால் அதுதான் அடைக்க வேண்டிய இடம்.

விரிசலுக்கான வேலை பார்க்க எளிது, பொறுமைதான் வேண்டும். சோதித்த தண்ணீர் போகக் கிண்ணத்தை ஒரு வாரமாவது நன்றாக உலர விடுங்கள். விரிசலின் இரு பக்கமும் ஒட்டுத்தாள் ஒட்டுங்கள். ஹகி மண் பச்சை உருஷியை, அதாவது எதுவும் கலக்காத உருஷியை, உறிஞ்சிக் கறுப்புக் கறையாக வைத்துக்கொள்ளும், அது போகவே போகாது. கிண்ணத்தை ஹேர் டிரையரால் கைபொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, டர்பன்டைனில் சற்று நீர்க்கச் செய்த பச்சை உருஷியை மெல்லிய தூரிகையால் கோட்டின் மேல் வைத்தால், விளக்குத் திரி எண்ணெய் இழுப்பது போல விரிசல் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். இழுப்பது நிற்கும் வரை வையுங்கள், மேலே நிற்பதைத் துடைத்துவிட்டு ஈரப்பெட்டியில் வையுங்கள். நாலைந்து நாள் விட்டு மறுபடி. மூன்று தடவை செய்தால் பெரும்பாலான மயிரிழை விரிசல்கள் அடைபடுகின்றன. பெரும்பாலான என்றுதான் சொல்கிறேன். விரிசலுக்குள் பழைய தேநீர்ப் பிசுக்கு ஏறியிருந்தால் உருஷி உள்ளே போகாது. நான் செய்த ஹகி கிண்ணங்களிலேயே ஒன்று மூன்று தடவைக்குப் பிறகும் கசிந்தது. அதன் சொந்தக்காரர் இப்போது அதில் உலர்பழம் போட்டு வைத்திருக்கிறார். உங்கள் கிண்ணத்துக்கு அப்படி ஆகாது என்று தூரத்திலிருந்து என்னால் உறுதி தர முடியாது.

தெறித்த துண்டு கையில் இருந்து, சரியாகப் பொருந்துகிறது என்றால் 'முகி உருஷி'யால் ஒட்டலாம். கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுச் சப்பாத்தி மாவைவிடச் சற்று இளக்கமாகப் பிசைந்து, ஏறக்குறைய அதே அளவு உருஷியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துத் தேய்த்தால், பலாப்பால் மாதிரி நூல் இழுக்கும் பசை கிடைக்கும். உடைந்த முகங்களின் கூர்முனையை லேசாகத் தேய்த்து, பச்சை உருஷி ஒரு பூச்சு கொடுத்து இறுக விட்டு, அதன் பிறகு இந்தப் பசையை மெல்லிசாகத் தடவி, அரை மணி நேரம் போலக் காற்றாட விட்டுப் பொருத்துங்கள். நகத்தைக் குறுக்கே ஓட்டினால் படி தட்டக் கூடாது. தட்டினால் அப்போதே நகர்த்திச் சரிசெய்யுங்கள், பிறகு முடியாது. ஒட்டுத்தாள் போட்டு இரண்டு வாரம் பெட்டியில். நான் ஒரு மாதம் வைப்பேன்.

துண்டு பொடிப் பொடியாகிவிட்டது என்றால் பள்ளத்தை நிரப்ப வேண்டும். இதற்கு 'சபி உருஷி': தொனோகோ என்கிற மிக நைசான மண்பொடியை நீரில் குழைத்து உருஷி சேர்த்த விழுது. ஒரே தடவையில் நிரப்பிவிடலாம் என்ற ஆசைதான் இந்த இடத்தில் எல்லாரையும் கெடுக்கும். தடிமனாக வைத்தால் வெளியே இறுகி உள்ளே பச்சையாகவே கிடக்கும். ஒரு மாதம் கழித்து நகம் பட்டால் பிதுங்கும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, ஒவ்வொரு படலமும் இறுகிய பிறகு அடுத்தது. நகமளவு பள்ளத்துக்கு நாலைந்து தடவை ஆகலாம். பள்ளம் ஆழமாக இருந்தால் மரத்தூளும் பஞ்சு இழையும் கலந்த 'கொகுசோ'வால் முக்கால் பாகம் நிரப்பிவிட்டு மேலே சபி வைப்பது நல்லது. அப்புறம் தண்ணீர் தொட்டு நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு உதட்டால் தடவிப் பாருங்கள். விரல் விட்டுவிடுகிற மேட்டை உதடு பிடித்துவிடும், குடிக்கும்போது படப்போவதும் அதுதானே. அதன் மேல் கறுப்பு உருஷி மெல்லிய பூச்சு, இறுகியதும் தேய்ப்பு, இன்னொரு பூச்சு, மறுபடி தேய்ப்பு.

இதன் பிறகுதான் தங்கம். இரும்புத்துரு நிறமி கலந்த சிவப்பு உருஷியை, கீழே இருப்பது தெரிகிற அளவுக்கு மெல்லிசாக இழுக்க வேண்டும். சிவப்பு எதற்கு என்றால், தங்கத்தின் நிறம் அதன் மேல் சூடாகத் தெரியும், எங்கே பூசினோம் என்பதும் கண்ணுக்குப் படும். உடனே தங்கத்தைத் தூவினால் அது மூழ்கி மங்கும்; நேரம் தவறினால் ஒட்டாது. என் ஆசிரியை கிண்ணத்தை வாயருகே கொண்டுபோய் 'ஹா' என்று மூச்சு விடுவார். பூச்சின் மேல் லேசாக நீலம் பூத்தது போல மங்கி மறைந்தால் தயார். இதை எழுத்தில் படித்துக் கற்க முடியாது. ஒரு பழைய ஓட்டாஞ்சில்லில் ஐந்தாறு தடவை செய்து பார்த்துவிட்டுக் கிண்ணத்துக்கு வாருங்கள். பட்டுப் பஞ்சில் தங்கப் பொடியைத் தொட்டு, தேய்க்காமல், குழந்தைக்குப் பவுடர் போடுவது போல ஒற்றி ஒற்றி வைக்க வேண்டும். சிந்துவதைக் கீழே விரித்த காகிதத்திலிருந்து திரும்பப் பொட்டலத்தில் சேர்த்துவிடலாம்.

அந்த வார இறுதி கிட்டுக்கு வருகிறேன். அதில் இருப்பது பெரும்பாலும் எபாக்ஸிப் பசையும் பித்தளை அல்லது மைக்கா பொடியும். ஜப்பானிலேயே இதை 'எளிய கின்ட்சுகி' என்று தனிப் பெயரில் அழைக்கிறார்கள். பூச்சாடிக்கோ நினைவுப்பொருளுக்கோ அது போதும், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் கொதிக்கும் தேநீரும் உதடும் படும் இடத்தில் நான் வைக்க மாட்டேன். உணவுக்கு ஏற்றதா என்பது ஒவ்வொரு பசைக்கும் மாறும், பல பெட்டிகளில் 'உணவுப் பாத்திரத்துக்கு அல்ல' என்று பொடி எழுத்தில் அவர்களே அச்சிட்டிருப்பார்கள். பித்தளைப் பொடி கொஞ்ச நாளில் கறுக்கவும் செய்யும். முந்திரி ஓட்டு எண்ணெயிலிருந்து செய்த 'காஷ்யூ' பூச்சை உருஷிக்கு மாற்றாகச் சிலர் சொல்வார்கள். அதையும் நான் குடிக்கும் கிண்ணத்தில் வைப்பதில்லை. கிட்டாகத்தான் வேண்டும் என்றால் 'ஹோன் உருஷி', அதாவது அசல் உருஷி என்று போட்டதாகப் பார்த்து வாங்குங்கள், சபி, முகி வேலைக்கு வேண்டிய பொடிகளும் அதிலேயே வரும். சூப்பர் க்ளூ மட்டும் வேண்டவே வேண்டாம். வெந்நீரில் விட்டுவிடும், அதன் மிச்சத்தைச் சுரண்டி எடுப்பது முழு வேலையையும்விடச் சிரமம்.

இதற்குப் பின்னால் இருக்கும் கதையையும் கேட்டிருந்தீர்கள். 15-ஆம் நூற்றாண்டில் ஷோகன், அதாவது ஜப்பானின் ராணுவ ஆட்சியாளர், அஷிகாகா யோஷிமாசா தன் விரிசல் விட்ட சீனக் கிண்ணத்துக்கு இணையாக இன்னொன்று கேட்டுச் சீனாவுக்கு அனுப்பினார், அங்கே இனி அப்படி ஒன்று செய்ய முடியாது என்று இரும்புக் கவ்விகள் அடித்துத் திருப்பி அனுப்பினார்கள், அதன் அவலட்சணம் பிடிக்காமல் ஜப்பானியர்கள் கின்ட்சுகியைக் கண்டுபிடித்தார்கள் என்று எங்கும் எழுதுகிறார்கள். இதில் முதல் பாதி அந்தக் கிண்ணத்தோடு சேர்ந்து வரும் பழைய வரலாறு. இரண்டாம் பாதிக்கு ஆதாரம் இல்லை. 'பகோஹன்' என்று பெயர் பெற்ற அந்த இளம்பச்சைக் கிண்ணம் இன்றும் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் தங்கமே கிடையாது, அதே கவ்விகளோடுதான் இருக்கிறது. பெயரே அந்தக் கவ்விகள் வெட்டுக்கிளி போலத் தெரிவதால் வந்தது. அந்தக் கவ்விகளையும் சேர்த்துத்தான் அதை ரசித்திருக்கிறார்கள். உருஷியால் மண்பாண்டம் ஒட்டுவது ஜோமோன் காலத்திலேயே, அதாவது ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. அதன் மேல் தங்கம் சேர்ந்தது தேநீர்ச் சடங்கு வளர்ந்த காலத்தில். ஹொன்அமி கோயெத்சு (1558–1637) செய்த 'செப்போ' என்ற கிண்ணம், ராகு எனப்படும் கையால் வடித்த ஜப்பானிய மண்பாண்ட வகை, சூளையிலேயே வெடித்த பெரிய விரிசல்களைத் தங்கம் தூவிய உருஷியால் நிரப்பியது. எனக்கு மிகப் பிடித்தது அது. விளிம்பிலிருந்து இறங்கும் தங்கம், மலையுச்சியின் பனி உருகி வழிவது போல இருக்கும். பெயரும் 'பனிச் சிகரம்' என்றுதான் பொருள்.

தழும்பைக் கொண்டாடும் தத்துவம் என்று இப்போது சொல்லப்படுவதைப் பற்றி என் கருத்து: ஆறு வருடத்தில் பட்டறையில் ஒருவர்கூட அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கிண்ணம் மேலானது, அதனால் சரிசெய்தார்கள். சாதாரண வீட்டுத் தட்டுகளுக்கு யாரும் தங்கம் பூசவில்லை. எடோ காலத்தின் (1603–1868) பிற்பகுதியில் நகரத் தெருக்களில் 'யாகித்சுகி'க்காரர்கள் சுற்றினார்கள், நம் தெருக்களில் ஈயம் பூசுகிறவர்கள் கூவிக்கொண்டு போனது போல. ஈயம் கலந்த கண்ணாடிப் பொடியை உடைந்த இடத்தில் வைத்துச் சுட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். பழைய பொருள் சந்தையில் வெள்ளைக் கோடு ஓடும் பழைய நீலப் பீங்கான் தட்டு கிடைத்தால் அது பெரும்பாலும் இதுதான். அழகாக இருக்கும், ஆனால் ஈயம் இருப்பதால் அதில் சாப்பிட வேண்டாம்.

இன்னொன்று: இறுகிய உருஷியைத் திரும்பக் கழற்றுவது மிகக் கடினம். அருங்காட்சியகங்கள் பின்னால் கரைத்து எடுக்கக்கூடிய பாராலாய்டு பி-72 போன்ற பசைகளைப் பயன்படுத்துவதற்குக் காரணமும் அதுதான். பாட்டி கொடுத்த கிண்ணத்தின் அடியில் முத்திரையோ, கையெழுத்து எழுதிய மரப்பெட்டியோ இருந்தால், எதையும் தடவும் முன் பழம்பொருள் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

வேலை முடிந்த பிறகு, உருஷி வாசனை முழுக்கப் போகும் வரை, குறைந்தது ஒரு மாதம், அதில் குடிக்காதீர்கள். முழுதும் இறுகிய உருஷி தீங்கில்லாதது, நூற்றாண்டுகளாக ஜப்பானியர் சூப் குடிக்கும் கிண்ணங்களே அதுதான். அரைகுறையாக இறுகியது அப்படி இல்லை. மைக்ரோவேவில் வைக்கக் கூடாது, தங்கம் பொறி பறக்கும். பாத்திரம் கழுவும் இயந்திரம், பச்சை நார், தண்ணீரில் ஊறப்போடுவது, நேர் வெயில் எதுவும் ஆகாது. கையால் கழுவித் துடைத்து வைத்தால் போதும்.

இன்றைக்கு நீங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். தெறித்த துண்டையும், தொட்டியின் வடிகட்டியில் தங்கிய பொடித் துகள்களையும் எடுத்து, சோப்புப் போட்டுத் தேய்க்காமல் வெறும் தண்ணீரில் அலசி, ஒரு வெள்ளைக் காகிதத்தில் உலர்த்தி மடித்து வையுங்கள். துண்டைப் பொருத்திப் பார்க்கும் ஆசையில் திரும்பத் திரும்ப வைத்து எடுக்காதீர்கள், முனைகள் உராய்ந்து தேயும். தட்டிப் பார்த்த சத்தமும் தண்ணீர்ச் சோதனையும் எப்படி இருந்தது என்று எழுதுங்கள், அதன் பிறகு எவ்வளவு உருஷி வாங்குவது என்று சொல்கிறேன்.